தொழிலகமும் தொண்டும்

தொண்டு என்றவுடன் தனிமனிதரின் ஈகையே நம் நினைவுக்கு வருகின்றது. ஆனால், இன்றைய மனிதர் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியைப் பணியிடத்திலேயே கழிக்கின்றனர். ஆதலின், பணியிடமும் தொண்டுக்குரிய களமாதல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்று வருகின்றது. ஊழியர் தம் நேரத்தையும் திறனையும் நிறுவனத்தின் துணையோடு ஊருக்கு வழங்குவதே பணியிடத் தன்னார்வத் தொண்டு எனப்படும். அதனால் ஊரும் நிறுவனமும் அடையும் பயன் யாது, அது எவ்வாறு நிலைபெறும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

திருமுக்கூடல் தரும் பாடம்

பாலாறு, வேகவதி, செய்யாறு ஆகிய மூன்றும் கூடுமிடம் காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், 'வீரசோழன்' என்னும் பெயருடைய 15 படுக்கை மருத்துவமனையும் இயங்கியமையை அது தெரிவிக்கின்றது. மாணவரும் கோயிற் பணியாளரும் அங்கு மருத்துவம் பெற்றனர். மருத்துவர், அறுவை மருத்துவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர், நாவிதர் என ஒவ்வொருவர்க்கும் உரிய பணியும் ஊதியமும் வரையறுக்கப்பட்டிருந்தன. இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன.

இஃது ஊதியம் பெற்றுச் செய்த பணியே, தன்னார்வத் தொண்டன்று. எனினும், நல்லெண்ணம் மட்டும் அறத்தை நிலைநிறுத்தாது, யார், எதனை, எவ்வளவு செய்வது என்னும் ஏற்பாடும் வேண்டும் என்பதற்கு இக்கல்வெட்டு சிறந்த சான்றாகும்.

சென்னையில் எழுந்த குரல்

தொழில்துறையில் இத்தகைய ஏற்பாட்டை வலியுறுத்தியவர்களுள் ஜே.ஆர்.டி. டாட்டா குறிப்பிடத்தக்கவர். 1969இல் சென்னையில் ஆற்றிய உரையில், நாட்டுப்புறத்தில் அமைந்த ஆலைகள் அண்டையிலுள்ள சிற்றூர்களைத் தத்தெடுக்க வேண்டும் என்றும், மேலாளர், பொறியாளர், மருத்துவர் ஆகியோரின் நேரத்தில் ஒரு பகுதியை அவ்வூர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். அவர் வேண்டியது பணத்தையன்று. திறனுடையோரின் நேரத்தை என்பது நோக்கத்தக்கது.

அமெரிக்கக் காலணி நிறுவனமான டிம்பர்லேண்டு, ஊதியத்துடன் கூடிய தொண்டு நேரத்தை ஊழியர்க்கு 1992இல் வழங்கத் தொடங்கியது. பின்னாளில் அது ஆண்டுக்கு 40 மணி நேரமாக உயர்ந்தது. நம் சென்னையில் 2006இல் இளைஞர் சிலர் தொடங்கிய 'பூமி' என்னும் அமைப்பில், பணிக்குச் செல்லும் பலர் வார இறுதிகளில் வறிய சிறார்க்குக் கல்வி புகட்டுகின்றனர்.

சட்டமும் மனமும்

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் விதி. ஆயின், ஊழியர் ஆற்றும் ஊதியமற்ற தொண்டைப் பணமாக மதிப்பிட்டு இச்செலவில் சேர்க்கலாகாது என 2021இல் நடுவணரசு விளக்கியது. பணத்தைச் சட்டம் பெற்றுத் தரும். மனமுவந்த உழைப்பை அது பெற்றுத் தராது.

இருபாற் பயன்

கணக்கர் ஒருவர் மகளிர் சுயஉதவிக் குழுவினர்க்குப் பேரேடு எழுதக் கற்பித்தால், அவர் சென்ற பின்னும் அத்திறன் ஊரில் தங்கும். கணினி வல்லார் ஒருவர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் இருப்புக் கணக்கைச் செம்மைசெய்து தந்தால், தேங்கிய சேலை எது, விரைந்து விற்பது எது என்பது சங்கத்தார்க்குத் தெளிவாகும்.

நிறுவனத்துக்கு வரும் பயனும் சிறிதன்று. ஏரிக்கரையில் மேலாளரும் கடைநிலை ஊழியரும் ஒருங்கே மண் சுமக்கையில் பதவி வேறுபாடு சற்றே விலகுகின்றது. ஒரே கட்டடத்தில் பணியாற்றியும் முகமறியாதிருந்தோர் நண்பராகின்றனர். பேசத் தயங்கிய இளைஞர் வகுப்பெடுக்கும்போது தலைமைப் பண்பு பெறுகின்றார். தம் நிறுவனம் ஊருக்கு உதவுகின்றது என்னும் பெருமிதம் பணியிலும் பற்றை வளர்க்கின்றது.

விலக்கத்தக்கன

எனினும், ஊர் கேளாததைச் செய்வது தொண்டாகாது. பள்ளிக்குக் கழிப்பறைத் தண்ணீர் தேவைப்படுகையில், சுவருக்கு மீண்டும் மீண்டும் வண்ணம் பூசிப் படமெடுத்துக் கொள்வதால் யாருக்கு என்ன பயன்? விடுமுறை நாளில் வரவேண்டுமென ஊழியரைக் கட்டாயப்படுத்துவதும் தன்னார்வத்துக்கு முரணாகும். அனைத்தினும் மேலாக, தன் தொழிலாளர்க்கு உரிய ஊதியத்தையும் பாதுகாப்பையும் மறுக்கும் நிறுவனம், புறத்தே செய்யும் தொண்டால் அக்குறையை மறைத்துவிட இயலாது. திருமுக்கூடல் மருத்துவமனை முதலில் தன் மாணவரையும் பணியாளரையுமே பேணியது என்பதை நாம் மறத்தலாகாது.

திருக்குறளில் 'ஒப்புரவறிதல்' 22ஆம் அதிகாரமாகவும் 'ஈகை' அதனை அடுத்தும் அமைந்துள்ளன. ஊரின் தேவையை அறிவது முதலாவது. கொடுப்பது அதற்கு அடுத்தது எனக் கொள்ள இவ்வைப்புமுறை இடந்தருகின்றது.

நாளை ஆலைகளிலும் அலுவலகங்களிலும் அமரவிருக்கும் மாணவச் செல்வங்களே! பணியில் சேரும்போது ஊதியம் எவ்வளவு என வினவுங்கள். அது உங்கள் உரிமை. அத்துடன், இந்நிறுவனம் சுற்றியுள்ள ஊருக்கு என்ன செய்கின்றது, அதில் என் பங்கு யாது என்றும் வினவுங்கள். அவ்வினா பலரிடமிருந்து எழுமாயின், தொழிலகமும் ஊரும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.