18 வயதில் முதல் கார்: செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

பிளஸ் டூ முடிந்து, 18 வயதும் நிரம்பி, டிரைவிங் ஸ்கூல் ‘எல்’ போர்டு காரில் ஓட்டிப் பழகியாகிவிட்டது. அடுத்து வீட்டில் எழும் கேள்வி, “பழைய கார் ஒண்ணு பார்க்கலாமா?”

குன்னத்தூர் போன்ற ஊரில் இந்தக் கேள்வியை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பெருமாநல்லூர் வழியாகத் திருப்பூர், எதிர்ப்பக்கம் கோபி, இன்னொரு பக்கம் ஊத்துக்குளி, பெருந்துறை என்று காலேஜும் வேலையும் நாலு திசையிலும் இருக்கின்றன. அப்பா, அம்மா இருவரும் பனியன் கம்பெனிக்குப் போகும் வீட்டில், இரவு ஷிப்ட் முடிந்தவரை அழைத்து வரவும் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகவும் ஒரு வண்டி தேவைப்படுகிறது. புது கார் கைக்கு எட்டாதபோது எல்லாரும் போய் நிற்கும் இடம் ஆட்டோ கன்சல்டிங் ஆபீஸ்.

அங்கே அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: “பழகறதுக்கு ஒரு ஓட்டை வண்டி போதுங்க. இடிச்சாலும் மனசு வலிக்காது.”

வண்டி இடித்தால் மனசு வலிக்காதுதான். உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும்? வீட்டிலேயே அனுபவம் குறைந்த டிரைவருக்கு, இருப்பதிலேயே பாதுகாப்பு குறைந்த காரைக் கொடுப்பது சரியா? முதல் கார் தேடும் குடும்பம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

18 ஆகும் முன் சாவி கொடுத்தால்?

மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் பொதுச் சாலையில் கார் ஓட்டக் கூடாது. “நம்ம ஊருக்குள்ளதானே, கடை வரைக்கும்தானே” என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு இதைக் கடுமையாக்கியது. சிறுவரோ சிறுமியோ வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. 17 வயதில் ஒரு நாள் ஆசைக்கு ஓட்டியதற்காக, வேலைக்குப் போகும் வயதில் ஏழு வருஷம் லைசென்ஸ் இல்லாமல் இருக்க நேரிடலாம்.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். அந்த இடைவெளியை வண்டி தேடப் பயன்படுத்திக்கொள்வது நல்லது. லைசென்ஸ் வரும் முன்பே அவசரப்பட்டு வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதில்லை.

எந்த வருஷ வண்டி? இந்தத் தேதிகளை மறக்காதீர்கள்

செகண்ட் ஹேண்ட் கார் என்றதும் எல்லாரும் கேட்பது கிலோமீட்டரும் மைலேஜும். முதலில் கேட்க வேண்டியது, வண்டி தயாரான மாதமும் வருஷமும். ஆர்.சி.யிலேயே அது இருக்கும்.

2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான கார்களில் டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் ரிமைண்டர், வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் ஆகியவை கட்டாயம். அதே ஆண்டு ஏப்ரலில் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயமானது. சடன் பிரேக் அடிக்கும்போது சக்கரம் லாக் ஆகி வண்டி சறுக்காமல் இருக்க உதவுவது இதுதான். பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதிக்கும் புது டிரைவருக்கு இதைவிட உதவியான வசதி வேறில்லை. முன் சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கான ஏர்பேக், 2021 டிசம்பர் 31-லிருந்து எல்லா மாடல்களுக்கும் கட்டாயமானது.

அதற்கு முந்தைய வண்டிகள் எல்லாமே மோசமா? இல்லை. ஆனால் வேரியன்ட் பார்த்து வாங்க வேண்டும். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை முதன்முறையாக மோதிப் பார்த்துச் சோதித்தது. ஏர்பேக் இல்லாத மாருதி ஆல்டோ 800, ஹூண்டாய் ஐ10, டாடா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ ஆகிய ஐந்தும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய ஸ்டார்தான் வாங்கின. இரண்டு ஏர்பேக் வைத்துச் சோதித்தபோது அதே போலோ 4 ஸ்டார் பெற்றது.

ஏர்பேக் மட்டும் இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. மோதலைத் தாங்கும் பாடி வேண்டும். 2018-ல் சோதிக்கப்பட்ட ஸ்விஃப்ட், 2019-ல் சோதிக்கப்பட்ட வேகன் ஆர், சான்ட்ரோ ஆகியவை 2 ஸ்டார் பெற்றன. 2020-ல் டாடா டியாகோ 4 ஸ்டாரும் அல்ட்ராஸ் 5 ஸ்டாரும் பெற்றன. பார்க்கப் போகும் மாடலின் மதிப்பெண்ணை மொபைலிலேயே தேடிவிடலாம். சோதித்த காரில் எத்தனை ஏர்பேக் இருந்தன, நீங்கள் வாங்கும் வேரியன்டிலும் அத்தனை இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சில வண்டிகள் மட்டும் ஏன் இவ்வளவு சீப்?

பார்க்கப் புதிதாக இருக்கும், விலை மட்டும் குறைவாக இருக்கும். அதற்குப் பல காரணங்கள் உண்டு.

கம்பெனி கிளம்பிப் போயிருக்கலாம். ஷெவர்லே 2017 கடைசியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. டட்சன் 2022-ல் விடைபெற்றது. இவை மோசமான கார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரு லைட்டோ பம்பரோ போனால் ஸ்பேர் கிடைக்குமா, எங்கே கிடைக்கும் என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வெளிமாநில வண்டியாக இருக்கலாம். டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து, அங்கிருந்து பல கார்கள் வெளிமாநிலங்களுக்கு வருகின்றன. என்.ஓ.சி., தமிழ்நாட்டு வரி, மறுபதிவு எல்லாம் கூட்டினால் ‘சீப்’ என்ற பேச்சு காணாமல் போகலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியாகவும் இருக்கலாம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. தண்ணீர் புகுந்த காரில் ஒயரிங் கோளாறு உடனே தெரியாது, மாதக்கணக்கில் தொல்லை கொடுக்கும். ஃப்ளோர் மேட்டைத் தூக்கி, சீட் அடியில் இருக்கும் போல்ட், சீட் ரெயில் துருப்பிடித்திருக்கிறதா பாருங்கள். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தையும் விட்டுவிடாதீர்கள்.

பட்ஜெட்: காரின் விலை வேறு, கார் வைக்கும் செலவு வேறு

கையில் 3 லட்சம் இருந்தால் 3 லட்சத்துக்கும் கார் வாங்கிவிடாதீர்கள். 30,000 முதல் 45,000 ரூபாய் வரை தனியாக எடுத்து வையுங்கள். டயர், பேட்டரி, ஆயில் சர்வீஸ், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் என்று முதல் இரண்டு மாதத்திலேயே அது செலவாகிவிடும்.

பெட்ரோலையும் கணக்குப் போடுங்கள். தினமும் போக வர 50 கிலோமீட்டர், மாதம் 24 நாள் என்றால் 1,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் சுமார் 6,700 ரூபாய் ஆகிறது. தினமும் காலேஜுக்குப் பஸ், வார இறுதிக்கும் அவசரத்துக்கும் கார் என்று முடிவெடுத்தால் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

லோன் எடுப்பவர்கள் வட்டியைச் சொல்லும் விதத்தைக் கவனிக்க வேண்டும். “ஒரு ரூபா வட்டிதாங்க” என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது வருஷத்துக்கு 12 சதவீதம். கேட்க பேங்க் வட்டி மாதிரியே இருக்கும். ஆனால் இது பெரும்பாலும் ஃபிளாட் ரேட். அசல் குறையக் குறைய வட்டி குறையாது.

எடுத்துக்காட்டுக்கு, 2.5 லட்சம் ரூபாய், 4 வருஷம்:

• ஒரு ரூபாய் ஃபிளாட் வட்டி: மாதத் தவணை சுமார் 7,710 ரூபாய். மொத்த வட்டி 1,20,000.
• குறையும் அசலுக்கு 14 சதவீத வட்டி: மாதத் தவணை சுமார் 6,830 ரூபாய். மொத்த வட்டி சுமார் 78,000.

கேட்கும்போது 12 சின்னது, 14 பெரியது. கட்டும்போது 12-தான் 42,000 ரூபாய் அதிகம். அந்த ஃபிளாட் ரேட்டைக் குறையும் அசல் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 21 சதவீதம் வருகிறது. சனிக்கிழமை சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

வண்டி முன்னால் நிற்கும்போது

வண்டி பார்க்கப் பகலில் போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் வரும் முன்பே சூடேற்றி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். கூடவே தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

ஏர்பேக் லைட்: சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள். விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் மூடி மட்டும் போட்டு, விளக்கின் இணைப்பைத் துண்டித்து விற்பதும் உண்டு.

டயர் வயசு: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. வண்டி 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்கள், ஆனால் நாலு டயரும் மாறியிருக்கிறது என்றால் மீட்டரை நம்பாதீர்கள். அந்தந்த கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டால், எந்தத் தேதியில் எவ்வளவு ஓடியிருந்தது என்று தெரிந்துவிடும்.

டிங்கரிங் வேலை: கதவு ரப்பரை லேசாக விலக்கி, பில்லரில் வெல்டிங் அடையாளம் தெரிகிறதா பாருங்கள். பம்பர் கீறல் பரவாயில்லை. பில்லரிலோ சேஸிஸிலோ வேலை நடந்திருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

பேப்பரில் என்ன பார்க்கணும்?

எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் பதிவு தேதி, எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை என்பது தெரியும். இ-சலான் தளத்தில் பாக்கி அபராதத்தையும் பார்த்துவிடுங்கள். டிஎன் 39, 42 திருப்பூர், 36 கோபி, 56 பெருந்துறை, 33 ஈரோடு என்று எந்த நம்பராக இருந்தாலும், ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியில் பொறித்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆர்.சி.யில் எச்.பி. இருந்தால் லோன் இன்னும் கணக்கில் இருக்கிறது. பேங்க் கொடுக்கும் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணமும் கொடுக்காதீர்கள்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் எஃப்.சி. எடுத்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. பசுமை வரி தனி. 14 வருஷ வண்டியின் விலையைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

பெயர் மாற்றம்: “அப்புறம் பாத்துக்கலாம்” ஏன் ஆபத்து?

படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால் பெயர் மாறியதாக அர்த்தமில்லை. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பிக்க வேண்டும்.

மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கு நல்ல உதாரணம். 2007-ல் விற்கப்பட்ட கார் அடுத்தடுத்து கை மாறியது. ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறவில்லை. 2009-ல் விபத்து நடந்தது. இழப்பீடு யார் கொடுப்பது? பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. முதலில் விற்றவர், வண்டியைக் கண்ணால் பார்த்தே வருஷக்கணக்கான பிறகு, பொறுப்பேற்க வேண்டி வந்தது.

விற்பவருக்கு மட்டுமான பாடம் இல்லை இது. காரை அப்பா பெயரில் வாங்கி மகனோ மகளோ ஓட்டினால், விபத்து இழப்பீட்டில் உரிமையாளராக நிற்பது அப்பாதான்.

கன்சல்டிங்கில் வாங்கினால் இன்னொன்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி விற்கும் டீலர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி அமலில் இருக்கிறது. வண்டி டீலர் கைக்கு வந்ததை உரிமையாளர் படிவம் 29சி மூலம் தெரிவித்திருக்க வேண்டும். இதைக் காட்டச் சொல்வதில் தப்பில்லை.

இன்சூரன்ஸ்

தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி, 1,000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், வரி தனி. ஆனால் இதில் உங்கள் வண்டியின் சேதத்துக்குக் காசு வராது.

பழைய பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் வண்டிக்கான க்ளைம் சிக்கலாகும். “50 சதவீதம் நோ க்ளைம் போனஸ் இருக்குங்க” என்று சொல்லி விலை ஏற்றினால் நம்பாதீர்கள். அந்த போனஸ் பழைய உரிமையாளருக்குச் சொந்தம், காரோடு வராது.

லைசென்ஸ் இல்லாத நண்பர் கையில் ஸ்டியரிங் கொடுத்து விபத்தானால், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தாலும், அதை உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்க உத்தரவு வரலாம். சாவி கொடுக்கும் அன்றே இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

அட்வான்ஸுக்கு முன் ஒரு நிமிடம்

1. ஓட்டப் போகிறவர் கையில் லைசென்ஸ் இருக்கிறதா?
2. ஏர்பேக், ஏ.பி.எஸ். இருக்கும் வேரியன்டா? விளக்கு சரியாக எரிந்து அணைகிறதா?
3. மெக்கானிக் பார்த்தாரா? சர்வீஸ் ஹிஸ்டரி வாங்கியாச்சா?
4. ஆர்.சி., எச்.பி., சலான், சேஸிஸ் நம்பர் சரியா?
5. வட்டி ஃபிளாட்டா, குறையும் அசலுக்கா? எழுத்தில் இருக்கிறதா?
6. பெயர் மாற்றம் எந்தத் தேதிக்குள், யார் செலவில்?
7. பழைய ஃபாஸ்டேக்கை உரிமையாளர் மூடிவிட்டாரா? இல்லையென்றால் விஜயமங்கலம் டோலில் உங்கள் பயணத்துக்கு அவர் கணக்கில் பணம் போகும், சண்டை வரும்.

ஏழில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். “இன்னைக்கே எடுத்தாத்தான், நாளைக்கு வேற பார்ட்டி வர்றாங்க” என்று சொன்னால், அந்த வேறு பார்ட்டியே எடுத்துக்கொள்ளட்டும்.