ஓநாய் இல்லாத நாட்டில் ஓநாய்ப் பாம்பு

மலேசியக் காடுகளில் புலி உண்டு, தேன்கரடி உண்டு, கூட்டமாக வேட்டையாடும் செந்நாய் உண்டு. ஓநாய் மட்டும் கிடையாது. ஆனால் ஓநாயின் பெயரைச் சுமக்கும் ஓர் உயிர் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம் வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறது. அதுதான் ஓநாய்ப் பாம்பு. விஞ்ஞானிகள் வைத்த பெயர் லைக்கோடோன் காப்புசினஸ்.

நள்ளிரவில் குளியலறைத் தரையிலோ சப்பாத்து அலமாரியின் அடியிலோ இதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அரை மீட்டர் நீளம்தான். பென்சிலைவிடச் சற்றுப் பருத்த உடல், தட்டையான தலை, பிதுங்கிய கருமணிக் கண்கள். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் வலைபோல் ஓடும். பிடரியில் வெளிறிய ஒரு பட்டை இருக்கும். குட்டிகளுக்கு அந்தப் பட்டை பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். கண்டதும் நாம் தேடுவது துடைப்பக்கட்டையைத்தான். அடிபட்டுச் சாகும் இந்தப் பாம்பின் கடியில் மனிதரைக் கொல்லும் விஷம் இல்லை. அது நம்மைத் தேடி வரவும் இல்லை. விளக்கடியில் பூச்சிகள் கூடுகின்றன, பூச்சிகளுக்காகப் பல்லிகள் கூடுகின்றன, பல்லிக்காக இது சுவரேறி வருகிறது. பழைய கடைவீடுகளின் விரிசல்களும் ஓட்டு இடுக்குகளும் பகலில் பதுங்க வாகான இடங்கள்.

ஓநாய்ப் பெயர் எப்படி வந்தது? கிரேக்கத்தில் ‘லைக்கோஸ்’ என்றால் ஓநாய், ‘ஓடோன்’ என்றால் பல். மேல்தாடையின் முன்பக்கத்தில் சில பற்கள் மட்டும் நீண்டு நிற்கும். அடுத்து ஓர் இடைவெளி. அதன் பிறகே மற்றப் பற்கள். விஷத்தைச் செலுத்தும் குழாய் எதுவும் இந்த நீண்ட பற்களில் இல்லை. அவற்றுக்கு வேலை வேறு. அரணையின் உடம்பு வழவழப்பானது, செதில்களோ கெட்டியானவை. சாதாரணப் பல்லால் கவ்வினால் நழுவி ஓடிவிடும். நீண்ட பற்கள் அதை இறுகப் பற்றுகின்றன, உருண்ட உடல் அந்த இடைவெளியில் பொருந்திக்கொள்கிறது. இவ்வளவு சின்ன வாய்க்குள் இத்தனை நுணுக்கமான ஏற்பாடு!

   

ஆனால் இந்தப் பாம்பு செய்த பெரிய சேதம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜாவாவுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது கிறிஸ்துமஸ் தீவு. பாஸ்பேட் சுரங்கத்துக்காக மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் போய் உழைத்த தீவு அது. அங்கே ஓநாய்ப் பாம்பு முதன்முதலில் பதிவானது 1987இல். சரக்கோடு கப்பலேறிப் போயிருக்க வேண்டும். நம் பல்லிகள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பாம்போடு வாழ்ந்து பழகியவை. அந்தத் தீவின் பல்லிகளுக்கு இப்படி ஒரு வேட்டைக்காரனைத் தெரியாது. சில பத்தாண்டுகளில் அவற்றில் பெரும்பாலான இனங்கள் காட்டிலிருந்தே காணாமல் போயின. அந்த அழிவுக்கு முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் சுட்டுவது இந்தப் பாம்பை. அத்தீவின் காட்டு அரணை இனத்தில் எஞ்சியிருந்த கடைசி உயிருக்குக் ‘கம்ப்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 2014 மே மாதம் கூண்டிலேயே அது இறந்தது. நீலவால் அரணையையும் லிஸ்டர் பல்லியையும் முன்கூட்டியே பிடித்து வளர்த்ததால்தான் அவை இன்றும் உயிரோடு இருக்கின்றன. அங்கே அந்நியனான பாம்பு, கிள்ளானில் மண்ணின் உயிர். இங்கே அதைக் கொல்வதற்கு ஒரு நியாயமும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். இதே குடும்பத்தில் கறுப்பு உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்ட இனம் ஒன்று மலேசியாவில் உண்டு. பார்வைக்கு அது கொடிய விஷமுள்ள மலாயாக் கட்டுவிரியனைப் போலவே இருக்கும். தமிழ்நாட்டிலும் வெள்ளிக்கோல் வரையன் என்ற ஓநாய்ப் பாம்பைக் கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். கட்டுவிரியனின் முதுகெலும்பு வரிசையில் செதில்கள் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். இது படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அடையாளம். குனிந்து சோதிக்க வேண்டாம். எந்தப் பாம்பானாலும் கையால் தொடாதீர்கள். பிள்ளைகளையும் பூனையையும் விலக்கி, அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துணியை அடைத்துவிட்டு 999ஐ அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினரோ தீயணைப்பு வீரர்களோ வந்து பிடித்துச் செல்வார்கள்.