“உனக்கு என்ன குறை?”

குடியிருக்க வீடு இருக்கிறது. கணவன் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. உழைத்ததை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். இப்படியான ஒரு பெண் தன் மனதில் உள்ள வெறுமையைப் பற்றி வாய் திறந்தால் எமது சமூகம் கேட்கும் முதற் கேள்வி: “உனக்கு என்ன குறை?”

யுத்தத்தைக் கடந்து வந்த பெண்களிடம் இக்கேள்வி இன்னும் கூர்மையாக வருகிறது. “மற்றவளவை புருஷனைத் தேடி அலையிறாளவை. உன்ர மனுசன் உயிரோட வந்திட்டார். பிறகென்ன?” கண்டியிலும் சுற்றுப்புறங்களிலும் சமூகப் பணி செய்துவரும் நான், இதற்குப் பதில் சொல்ல முடியாமல் மௌனமாகிப் போன பல பெண்களைச் சந்தித்திருக்கிறேன். அவர்களை நினைத்தே ஒரு பழைய வங்காளத் திரைப்படத்தைப் பற்றி எழுதுகிறேன்.

ரவீந்திரநாத் தாகூர் 1901இல் எழுதிய ‘நஷ்டநீட்’ (சிதைந்த கூடு) என்னும் கதையைத் தழுவி, சத்யஜித் ரே 1964இல் இயக்கிய படம் ‘சாருலதா’. 1965இல் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருதை ரேக்குப் பெற்றுக்கொடுத்தது.

கதை 1879ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் நடக்கிறது. வசதியான வீடு, வேலையாட்கள், பிள்ளைகள் இல்லை. சாருவாக மாதவி முகர்ஜி நடிக்கிறார். படத்தின் முதற் சில நிமிடங்களில் பேச்சே இல்லை எனலாம். சாரு கணவனுக்காக ஒரு லேஞ்சியில் பூ வேலை செய்கிறாள். புத்தகம் எடுக்கிறாள், வைக்கிறாள். கைப்பிடி வைத்த சிறிய தூரக்கண்ணாடியால் யன்னல் இடுக்கு வழியாகத் தெருவைப் பார்க்கிறாள். கணவன் பூபதி புத்தகத்தில் மூழ்கியபடி அவளைக் கவனிக்காமலே கடந்து போகிறான். அதே கண்ணாடியால் அவனையும் பார்க்கிறாள். தெருவில் போகிறவர்களைப் போலவே கணவனும் அவளுக்குத் தூரத்தில் இருக்கிறான்.

பூபதி கெட்டவன் அல்லன். நாட்டின் அரசியலைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகை நடத்துபவன். மனைவி தனித்திருக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் அதற்கு அவன் காணும் வழி, துணைக்கு வேறு ஆட்களை வரவழைப்பது. சாருவின் அண்ணனும் அண்ணியும் வருகிறார்கள். தன் ஒன்றுவிட்ட தம்பி அமல் வந்ததும், அவளை எழுதத் தூண்டும்படி அவனிடம் சொல்கிறான். தான் போய் அவளருகில் இருக்கவேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

சாரு தன் சிறுவயதுக் கிராமத்தைப் பற்றி எழுதுகிறாள். அது சஞ்சிகையில் வெளிவருகிறது. தன்னை ஒருவன் கவனிக்கிறான் என்ற மகிழ்ச்சி அமல்மேல் அன்பாக மாறுகிறது. இதற்கிடையில் அண்ணன் பத்திரிகைப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறான். அமலும் விலகிப் போகிறான். அமலின் கடிதம் வந்த நாளில் சாரு கதறி அழுவதைப் பூபதி கண்டுவிடுகிறான். குதிரை வண்டியில் இலக்கில்லாமல் அலைந்து, அவள் தைத்த லேஞ்சியாலேயே கண்ணைத் துடைக்கிறான். பின்னர் வீடு திரும்புகிறான். இருவரும் கைகளை நீட்டுகிறார்கள். கைகள் சேருமுன்னே காட்சி உறைந்து படம் முடிகிறது.

எமது நாட்டிலும் இத்தகைய ஒரு பெண்ணைத் திரை கண்டது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் ‘கம்பெரலிய’ என்ற படமாக்கினார். பெற்றோர் பார்த்த இடத்தில் மணமுடித்த நந்தா, பிழைப்புத் தேடிப் போன கணவனின் செய்தியின்றிக் காத்திருக்கிறாள். 1965இல் டெல்லி விழாவில் இப்படம் தங்க மயில் விருது பெற்றபோது நடுவர் குழுத் தலைவராக இருந்தவர் சத்யஜித் ரேயே.

நந்தாவின் காத்திருப்பை எம்மில் பலர் அறிவர். சாருவின் நிலையோ வெளியே தெரிவதில்லை. தடுப்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ கணவன் திரும்பி வந்திருப்பார். ஆனால் பேச்சு வந்திராது. அவர் பட்டதை அவர் சொல்லார். அவர் இல்லாத காலத்தில் கூப்பன், கச்சேரி, முகாம் என்று அவள் தனியே அலைந்ததை அவரும் கேளார். இதை நன்றிகெட்ட மனம் என்று அவளே தன்னைக் கடிந்துகொள்வாள்.

சகோதரிகளே, தனிமையை உணர்வது குற்றமன்று. பூபதி நல்லவன் என்பதால் சாருவின் வெறுமை பொய்யாகிவிடவில்லை. அதைச் சொல்ல அவளுக்கு ஒருவரும் இருக்கவில்லை. எமக்கு மகளிர் குழுக்கள் உண்டு, உளவளத்துணையாளர்கள் உண்டு. தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம். ஆனால் முதலில் வீட்டிலேயே தொடங்கலாம். மாலைத் தேநீரைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பாமல், பத்து நிமிடம் அவர் அருகில் இருந்து பாருங்கள். “நீங்கள் இல்லாத நேரம் நான் என்ன செய்தேன் தெரியுமா?” என்று உங்கள் கதையைச் சொல்லத் தொடங்குங்கள். சொல்ல வராவிட்டால் சாருவைப் போல ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒருநாள் அதை அவரிடம் வாசிக்கக் கொடுக்கலாம்.