முதலிடமும் முளைவிடும் பருவமும்

பலர் சேர்ந்து செய்யும் வேலையில் எது தொடங்கியது, எது பாதியில் நிற்கிறது, எது முடிந்தது என்பதை எல்லோரும் ஒரே பார்வையில் அறிந்துகொள்ளும்படி அட்டைகளை வரிசையாகக் குத்திவைக்கும் பலகையே பணிப்பலகை எனப்படுகிறது. ஜப்பானின் டொயோட்டா ஆலையில் தாயிச்சி ஓனோ வகுத்த கான்பான் என்னும் அட்டை முறை, இன்று ட்ரெல்லோ, ஜிரா, ஸோஹோ ஸ்பிரிண்ட்ஸ் போன்ற மென்பொருள்களின் வழியாகக் கணினித் திரையில் ஏறிவிட்டது. அட்டைகள் நூற்றுக்கணக்கில் பெருகியபின் ஒவ்வொன்றையும் திறந்து படிப்பது இயலாததாகிவிடவே, எது நகர்ந்தது, எது தேங்கியது என்பதை ஒரு பத்தியிலோ ஒரு படத்திலோ சுருக்கித் தரும் கருவிகளும் உடன் வந்தன.

மென்பொருள் நிறுவனங்களுக்கு வெளியே, அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடங்கிய விருதுநகர் மாவட்டம் முழுவதுமே இப்படியொரு பலகையில் ஏற்றப்பட்டிருக்கிறது. 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' திட்டத்தில் நாடெங்கும் 112 மாவட்டங்கள் இடம்பெற, தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் இராமநாதபுரமும் சேர்க்கப்பட்டன. உடல்நலம், கல்வி, வேளாண்மையும் நீர்வளமும், நிதிச்சேவையும் திறன்பயிற்சியும், அடிப்படை வசதிகள் என ஐந்து துறைகளில் 49 குறியீடுகள் வகுக்கப்பட்டு, மாவட்டங்கள் பதிவேற்றும் எண்களை 'சாம்பியன்ஸ் ஆஃப் சேஞ்ச்' என்னும் இணையத்தளம் தொகுத்து, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரே மதிப்பெண்ணாகச் சுருக்குகிறது. அந்த மதிப்பெண்ணில் உடல்நலத்துக்கும் கல்விக்கும் தலா 30 விழுக்காடும், வேளாண்மைக்கும் நீர்வளத்துக்கும் சேர்த்து 20 விழுக்காடும் ஒதுக்கப்பட்டுள்ளன.

தரவரிசை அந்த மதிப்பெண்ணை அப்படியே கொண்டு போடப்படுவதில்லை. முந்தைய கணக்குக்கும் இப்போதைய கணக்குக்கும் இடையிலான வேறுபாடே, அதாவது 'டெல்டா' என்று சொல்லப்படுவதே, இடத்தைத் தீர்மானிக்கிறது. நாற்பதிலிருந்து ஐம்பதுக்கு ஏறிய மாவட்டம், எழுபதிலிருந்து எழுபத்திரண்டுக்கு ஏறியதை முந்திவிடும். 2018 ஜூன் முதல் அக்டோபர் வரையிலான காலத்துக்கு இத்திட்டத்தை நடத்தும் நிதி ஆயோக் டிசம்பரில் வெளியிட்ட இரண்டாம் பட்டியலில் விருதுநகர் முதலிடம் பெற்றது இந்தக் கணக்கின்படிதான். ஓட்டத்தின் வேகத்தைச் சொல்லும் அந்த எண்ணை, ஊரின் நிலையைச் சொல்வதாக எடுத்துக்கொள்பவர்கள் அதிகாரிகளிலும் உண்டு, பாராட்டுபவர்களிலும் உண்டு.

சுருக்கத்தின் அடியில் கிடப்பது ஓர் அங்கன்வாடியின் காலைப்பொழுது. பணியாளர் குழந்தையை எடைக்கருவியில் ஏற்ற, அது இறங்கி ஓடப் பார்க்க, முள் நிலைகொண்ட கணத்தில் எடையைப் படித்து, உயரத்தையும் அளந்து, 2021 முதல் புழக்கத்திலுள்ள போஷன் டிராக்கர் செயலியில் பதிகிறார். வயதுக்கேற்ற எடை உண்டா, குள்ளமா என்பதைச் செயலியே கணித்துக்கொள்கிறது. இங்கு அரை கிலோ பிசகினால், மேலே செல்லச் செல்ல அந்தப் பிசகைக் கண்டுபிடிக்க வழியில்லை, ஏனெனில் கூட்டித் தொகுக்கும் கருவி தனக்குக் கிடைத்த எண்ணைச் சந்தேகிப்பதில்லை. அந்தச் செயலி வருவதற்கு முன்னரே, 2018இன் இரண்டாம் பட்டியலுக்கு, டாடா அறக்கட்டளைகள், பில் அன்ட் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளை ஆகியவற்றின் துணையோடு வீட்டுக்கு வீடு சென்று எடுத்த கணக்கும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. கதவைத் தட்டிக் கேட்டறியும் அந்த வேலை இல்லாவிட்டால், சுருக்கம் என்பது சொன்னதைத் திருப்பிச் சொல்வதே ஆகும்.

மாவட்டச் சராசரி இன்னொரு மறைப்பு. ஆலைகளும் அச்சகங்களும் நிறைந்த சிவகாசியும், மழையையே நம்பியிருக்கும் திருச்சுழியும் உள்ளிட்ட 11 ஒன்றியங்கள் ஒரே எண்ணில் கரைந்துவிடுகின்றன. 2023 ஜனவரியில் நாடெங்கும் 500 ஒன்றியங்களைத் தேர்ந்தெடுத்து இதே முறையைக் கீழிறக்கியது இதற்கு ஓரளவு மாற்று.

ஆனால் மாதந்தோறும் அளக்கும் கருவிக்கு மானாவாரி நிலம் எளிதில் வசப்படாது. தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் எந்த மாதத்திலும் கூடக்கூடியவை; கரிசலிலோ வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்துப் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் விதைத்த பருத்தி, கம்பு, உளுந்து, மல்லி ஆகியவற்றின் பலன் பெரும்பாலும் தை, மாசிக்குமுன் தெரியாது, கண்மாய் நிரம்பியதா என்பதும் கார்த்திகை கழிந்தபின்னரே உறுதியாகும். இடைப்பட்ட மாதங்களில் வேளாண்மை என்னும் கட்டத்தில் நகரக்கூடியவை, மண்வள அட்டை வழங்கல், பயிர்க் காப்பீட்டில் பெயர் சேர்த்தல், சொட்டுநீர்ப் பாசனம் போன்றவையே. அவை வேண்டியவைதாம், ஆயினும் மண்வள அட்டை உழவரின் கையில் சேர்ந்த நாளிலேயே பலகையில் 'முடிந்தது' ஆகிவிடுகிறது, அந்த மண்ணின் வேலையோ அதன்பிறகுதான் தொடங்குகிறது. 2018இல் முதலிடம் தந்த கணக்கு அக்டோபர் 31ஆம் நாளோடு மூடப்பட்டது. அது ஐப்பசி நடுப்பகுதி, திருச்சுழிக் காடுகளில் விதை முளைவிடும் பருவம்.