துப்பாக்கியைத் துடைப்பது எப்போது?



வீட்டிலுள்ள தையல் இயந்திரத்துக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "மாதம் ஒருமுறை" என்பார் ஒருவர். "சத்தம் கேட்டால் விடுவோம்" என்பார் மற்றொருவர். தையல் இயந்திரம் இவ்விருவரையும் பொறுத்துக்கொள்ளும். நூல் அறுந்தால் மீண்டும் கோத்துக்கொள்ளலாம். ஆனால், பராமரிப்பில் நேரும் பிழையைப் பொறுத்துக்கொள்ளாத இயந்திரம் ஒன்று உண்டு. அதுதான் வேட்டைத் துப்பாக்கி.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் வேட்டைக்கு ஏறத்தாழ முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அமெரிக்காவின் நிலை வேறு. அங்கே உரிமம் பெற்று, அரசு குறிக்கும் பருவத்தில் மட்டும் வேட்டையாடுகின்றனர். குறிப்பாக ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்டட்கார்ட் நகரைச் சுற்றியுள்ள நெல்வயல்களும் நீர் தேங்கிய காடுகளும் காட்டு வாத்து வேட்டைக்குப் பெயர் பெற்றவை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாத்துகள் அங்கு வந்து இறங்குகின்றன. விடியுமுன் இடுப்பளவு நீரில் மரத்தடியில் நின்று காத்திருக்கும் வேட்டைக்காரர் பலரின் கையில் இருப்பது அரைத் தானியங்கித் துப்பாக்கியே. சேறு, மழை, பனி, உமி, இலைச் சருகு ஆகிய அனைத்தையும் அது ஒரே காலைப்பொழுதில் சந்திக்கிறது.

தானே இயங்கும் பொறி

இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கையால் திறந்து, கையால் தோட்டா இட வேண்டும். அரைத் தானியங்கி அவ்வாறன்று. ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும். வெற்றுத் தோட்டாவை வெளியே எறிவதும், அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றுவதும் துப்பாக்கியின் வேலை. அந்த வேலைக்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே, அதைத் துடைக்க வேண்டிய கால அளவும் அமைகிறது.

ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, 1900-இல் காப்புரிமை பெற்ற 'ஆட்டோ-5' இவ்வகையில் முன்னோடி. பெல்ஜியத்தில் தயாரிக்கப்பட்ட அதில், வெடிக்கும்போது குழலே பின்னோக்கி நகர்ந்து பொறியை இயக்கும். அந்த நகர்வை மட்டுப்படுத்த உராய்வு வளையங்கள் உண்டு. அவை உராயும் குழாயில் எண்ணெயை வழிய வழிய ஊற்றினால் உராய்வு குறைந்து, குழல் வேகமாக மோதிப் பின்பகுதியைச் சேதப்படுத்தும். எண்ணெய் மிகுதியும் ஒரு குறையே என்பதற்கு இது நல்ல சான்று.

1963-இல் வெளிவந்த ரெமிங்டன் 1100 வாயுவால் இயங்குவது. குழலிலுள்ள சிறு துளைகள் வழியே வெடிப்பு வாயு சிறிதளவு வெளியேறிப் பிஸ்டனைத் தள்ளுகிறது. தோளில் படும் அதிர்ச்சி இதனால் குறைகிறது. ஆனால், வாயுவோடு கரியும் வந்து பிஸ்டனில் படிகிறது. இதில் சிறிய ரப்பர் வளையம் ஒன்றும் உண்டு. அது வெடித்துப் போனால் வாயு கசிந்து, விலையுயர்ந்த துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றாமல் நின்றுவிடும். அனுபவமுள்ளோர் அத்தகைய வளையம் ஒன்றைக் கூடுதலாகவே பையில் வைத்திருப்பர்.

இத்தாலியின் உர்பினோ நகரில் 1967-இல் தோன்றிய பெனெல்லி நிறுவனம் வேறொரு வழியைக் கைக்கொண்டது. துப்பாக்கி முழுவதும் பின்னால் அதிரும் விசையைக் கொண்டே, போல்ட்டினுள் இருக்கும் ஸ்பிரிங் பொறியை இயக்குகிறது. வாயு உள்ளே நுழைவதில்லை. ஆதலால் கரியும் பெரும்பாலும் குழலோடு நின்றுவிடுகிறது.

கணக்கு நாளில் இல்லை

"மாதம் ஒருமுறை துடைத்தால் போதுமா?" என்பது தவறான கேள்வி. கணக்கு நாளில் இல்லை. நனைந்ததா, எத்தனை தோட்டா சுட்டது என்பதில்தான் இருக்கிறது.

முதலாவது, துப்பாக்கி நனைந்தால் அன்றே கவனிக்க வேண்டும். ஒரு தோட்டாகூடச் சுடாமல் திரும்பியிருந்தாலும் சரியே. முற்காலத்தில் கரிமருந்தும் பழைய வகைத் தோட்டாக்களும் விட்டுச்சென்ற உப்பு ஈரத்தை இழுத்துக் குழலை அரித்தது. அதனால் சுட்ட அன்றே வெந்நீரால் கழுவினர். இன்றைய தோட்டாக்களில் அந்த உப்பு இல்லை. ஆகவே, வறண்ட நாளில் நான்கைந்து தோட்டா சுட்டதற்காக முழுவதும் கழற்ற வேண்டியதில்லை. வெளிப்புறத்தைத் துடைத்து வைத்தால் போதும். இன்றைய பகைவன் ஈரம். கடலோரச் சதுப்பில் வேட்டையாடியிருந்தால் உப்புநீரும் அதனோடு சேர்ந்துகொள்ளும். அங்கே ஓர் இரவு தாமதித்தாலும் துரு தலைகாட்டும்.

இரண்டாவது, வாயுவால் இயங்குவதாயின் சில நூறு தோட்டாக்களுக்கு ஒருமுறை குழலைக் கழற்றி, பிஸ்டனையும் வாயுத் துளைகளையும் சுத்தம் செய்ய வேண்டும். அதிர்ச்சியால் இயங்குவது இன்னும் சற்றுக் காத்திருக்கும். சரியான எண்ணிக்கைக்கு அந்தந்தத் துப்பாக்கியுடன் வரும் கையேடே வழிகாட்டி.

மூன்றாவது, பருவம் முடிந்ததும் முழுமையான பராமரிப்பு. பலர் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு. பல மாதிரிகளில் போல்ட்டை முன்னே தள்ளும் நீண்ட ஸ்பிரிங், தோளில் பதியும் கட்டைக்குள் ஒரு குழாயில் ஒளிந்திருக்கிறது. நனையும் துப்பாக்கியில் நீர் அங்கே இறங்கித் தங்கும். வெளியே பளபளக்கும் துப்பாக்கி அடுத்த ஆண்டு முதல் நாளிலேயே மந்தமாகி, போல்ட் முழுதாக மூடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் அந்தத் துருவே காரணம். அதைக் கழற்றத் தெரியாதவர் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே முறை.

துடைக்கும் முன்

வாசகர்களே, இனிச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. "துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெடித்தது" என்ற செய்தியைப் படித்திருப்பீர்கள். காலித் துப்பாக்கி வெடிப்பதில்லை. காலி என்று நம்பப்பட்ட துப்பாக்கிதான் வெடிக்கிறது. அரைத் தானியங்கியில் இந்த ஏமாற்றம் எளிது. ஏனெனில், ஒரு தோட்டா வெடித்தவுடன் அடுத்தது நம்மைக் கேளாமலே அறைக்குள் வந்து அமர்ந்துவிடுகிறது. அடியிலுள்ள குழாயைக் காலி செய்தவர் அறையிலுள்ளதை மறப்பார்; அறையைக் காலி செய்தவர் குழாயிலுள்ளதை மறப்பார்.

ஆகவே, முனையை ஆளில்லாத திசையில் வைத்துக்கொண்டு இரண்டையும் காலி செய்ய வேண்டும். கண்ணால் பார்த்தது போதாது. விரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துவிட்ட பின்னரே துணியை எடுக்க வேண்டும்.

பின்னர், குழல் தனியே கழன்று வருவதால், தோட்டா அறைப் பக்கமிருந்து முனை நோக்கித் தூரிகையைச் செலுத்த வேண்டும். முதலில் கரைப்பான், பிறகு உலர்ந்த துணி, இறுதியில் எண்ணெயின் மெல்லிய பூச்சு. முனையில் திருகி மாட்டப்படும் 'சோக்' குழாயையும் கழற்றித் துடைத்து, மரையில் சிறிது கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். இல்லையேல் துருப்பிடித்து இறுகிவிடும். அமெரிக்காவில் நாடுவிட்டு நாடு செல்லும் பறவைகளை வேட்டையாடும் துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கலாகாது என்பது 1935 முதல் விதி. அதற்கென அடிக்குழாயில் செருகிய அடைப்புக் கட்டையைத் துடைக்கும்போது எடுத்தவர், மறவாமல் திரும்ப வைக்க வேண்டும்.

முடித்ததும் குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊடே பாருங்கள் என்பது அங்குள்ளோர் தரும் அறிவுரை. உள்ளே சிக்கிய ஒரு துண்டுத் துணியோ, முனையை அடைத்த சிறிது சேறோ பனியோ போதும். அடுத்த தோட்டாவில் குழல் பிளந்து, பிடித்த கையைச் சிதைத்துவிடும். சுத்தம் செய்ததே ஆபத்தாக முடியலாகாது அல்லவா?

உறைபனிக் காலத்தில் கெட்டியான எண்ணெய் இறுகிப் பொறியைப் பிடித்துக்கொள்ளும். அப்போது மிகக் குறைவாகவே பூச வேண்டும். ஈரத் துப்பாக்கியைப் பஞ்சு வைத்த பெட்டியில் மூடி வைப்பது துருவுக்கு விருந்து வைப்பதாகும். உலர்த்தித் துடைத்த பின், பூட்டிய பெட்டியில், பிள்ளைகளின் கைக்கு எட்டாதவாறு வைக்க வேண்டும். தோட்டாக்களுக்கு வேறு பூட்டு, வேறு சாவி.

நம்மில் மிகப் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொடப் போவதில்லை. எனினும், அடுப்பின் வாயுக் குழாய் முதல் வாகனத்தின் பிரேக் வரை, உயிரோடு தொடர்புடைய பொருள்கள் நம் வீடுகளிலும் உள்ளன. அவற்றைப் பார்க்க நாள் குறித்துக் காத்திராதீர்கள். பயன்படுத்திய அளவைப் பாருங்கள். நனைந்ததா, தேய்ந்ததா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மூலையை முதலில் பாருங்கள். நம் கையிலுள்ள பொருள் ஓர் அமானிதம் என்றால், அதனருகே வாழ்வோரின் உயிர் அதனினும் பெரிய அமானிதம் அன்றோ!