அடப்பங்கொடியைப் பிடுங்காதீர்கள்

புதுச்சேரியில் கடற்கரையைச் சுத்தம் செய்ய நல்லெண்ணத்தோடு வருபவர்கள் தெரியாமலே ஒரு தீங்கு செய்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் குப்பையோடு, மணலில் படர்ந்த அடப்பங்கொடியையும் களை என்று நினைத்துப் பிடுங்கிவிடுகிறார்கள். சங்கப் புலவர்கள் நெய்தல் திணையில் பாடிய அடும்பு இதுதான். ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலை, காலையில் விரியும் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. இரண்டையும் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும்.

கொடி செய்யும் வேலை

நம் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கரை அரிபட்டு, கருங்கல் கொட்டிக் காக்க வேண்டியதாயிற்று. இழந்த மணலில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்க, தலைமைச் செயலகம் அருகே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைக்க வேண்டியிருந்தது.

கடல் அரிப்பை அடப்பங்கொடி தனியாக நிறுத்திவிடாது. ஆனால் கணுவுக்குக் கணு வேர்விட்டு, காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்கும். இராவணன் மீசைப் புல்லும் கூடச் சேர்ந்தால் மேடு உறுதிப்படும். புயல் அலையை ஊருக்கு முன்னால் நின்று தாங்குவது அந்த மேடுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2019, மணல் மேடுகளையும் ஆமைகள் முட்டையிடும் இடங்களையும் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறது. மணல் அள்ளுவதும், உயிர்ப்புள்ள மணல் மேட்டைச் சமன் செய்வதும் மாற்றுவதும் தடை செய்யப்பட்ட செயல்கள். விடுதிக்குக் கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று மேட்டைத் தள்ளிவிட எவருக்கும் உரிமை கிடையாது. இந்த அறிவிக்கைக்கு அடிப்படையான சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தை மீறினால் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

வளர்ப்பது எப்படி?

ஐப்பசி மழை தொடங்கும் சமயத்தில் நடுங்கள். செழித்த கொடியின் நுனியிலிருந்து ஓரடி நீளத் துண்டு வெட்டினால் போதும். தாய்க்கொடியை வேரோடு எடுக்கக் கூடாது. இரண்டு கணுக்கள் மணலுக்குள் இருக்கும்படி சாய்த்துப் புதையுங்கள். துண்டுக்குத் துண்டு இரண்டு, மூன்றடி இடைவெளி விடுங்கள். வேர் பிடிக்கும்வரை மழை தவறினால் நீர் ஊற்றுங்கள். அதன்பின் வெயிலும் மணலும் போதும், உரம் வேண்டாம். விதை போடுவதானால், தோல் கடினமானது என்பதால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஓர் இரவு ஊறவையுங்கள்.

பொதுக்கரையில் நடுமுன் மீனவ ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் பேசுங்கள். படகு ஏற்றும் இடத்தையும் வலை உலர்த்தும் இடத்தையும் விட்டுவிட்டு நட வேண்டும். பங்குனி ஆமைகள் முட்டையிடும் ஜனவரி முதல் மார்ச் வரை கரையில் மணலைக் கிளறாதீர்கள்.

நர்சரியில் மஞ்சள் பூவோடு விற்கும் வெடேலியாவைக் கடற்கரைக்கும் வாய்க்கால் ஓரத்துக்கும் கொண்டுவராதீர்கள். அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்த அந்தச் செடி, உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. அது மூடிய இடத்தில் நம் மண்ணின் செடிகள் தலையெடுப்பது கடினம்.

மேட்டை அழித்தால் என்ன செய்யலாம்?

முதலில் தேதியும் இடக்குறிப்பும் பதிவாகும்படி படம் எடுங்கள். புதுச்சேரி கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே அறிவிக்கைப்படி ஆட்சியர் தலைமையில் அமையும் மாவட்டக் குழுவில் மீனவர் உள்ளிட்ட கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். அவர்கள் யார் என்று கேட்டு அறியுங்கள். மேட்டை அழிக்கும் வேலைக்கு அனுமதி உண்டா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

நடவடிக்கை இல்லையென்றால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். பிரச்சினை எழுந்த 6 மாதங்களுக்குள் மனு போட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் அவகாசம் கிடைக்கலாம். புகாருக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தே இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். புகார் கொடுத்த அன்றே கெடு முடியும் தேதியையும் குறித்துவையுங்கள்.