வாடத் தொடங்கிய கிளை

1944 ஜூன் 6-இல் நேசநாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது வடபிரான்ஸின் வானம் ஏறக்குறைய முழுவதும் அவர்கள் கையில் இருந்தது. பகலில் சாலைக்கு வந்த ஜெர்மன் வண்டிகளை டைஃபூன், தண்டர்போல்ட் விமானங்கள் தேடித் தேடி அடித்தன. ஜூலை 17 அன்று ஃபீல்டு மார்ஷல் ரோமெலின் காரே அப்படிச் சிக்கியது. மண்டையில் பலத்த அடியோடு அவர் மருத்துவமனைக்குப் போனார். அந்தக் கோடையில் எடுத்த புகைப்படங்கள் சிலவற்றில் டாங்கி எது, வேலி எது என்று சட்டெனப் பிரித்துச் சொல்ல முடியாது. வேலியோரத்து ஓக், ஹேஸல் கிளைகளை ஒடித்து, கம்பியில் கட்டியும் இடுக்குகளில் செருகியும் வண்டியை மூடியிருப்பார்கள்.

இந்தக் காட்சியை மேசைமேல் செய்து பார்ப்பவர்கள் உலகெங்கும் உண்டு. ஸ்கேல் மாடல்காரர்கள் இதற்கு அதிகம் எடுத்துக்கொள்ளும் அளவு 1/35. குழலோடு சேர்த்து 8.7 மீட்டர் நீளமுள்ள பாந்தர் டாங்கி இந்தக் கணக்கில் 25 சென்டிமீட்டர். டாங்கியைச் செய்வதில் பெரிய சிரமம் இல்லை. உறுப்புகளெல்லாம் கிட்டிலேயே வந்துவிடும், பொறுமையாக ஒட்டினால் போதும். இலைதான் ஆளைப் படுத்தும்.

பத்து சென்டிமீட்டர் ஓக் இலை இந்த அளவில் 3 மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். நீளத்தைச் சமாளித்துவிடலாம், தடிமனை என்ன செய்வது? நிஜ இலையின் தடிமன் கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 35-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சாதாரண அச்சுத்தாளே 0.1 மில்லிமீட்டர். தாளில் வெட்டிய இலையை 35 மடங்கு பெரிதாக்கினால் மூன்றரை மில்லிமீட்டர் ப்ளைவுட் துண்டுதான் கிடைக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் புவியீர்ப்பு. எதைச் சுருக்கினாலும் அதை நம்மால் சுருக்க முடியாது. நீளம், அகலம், தடிமன் மூன்றும் 35 மடங்கு குறைந்தால் இலையின் எடை 42,875 மடங்கு குறைந்துவிடும். ஆனால் வளையாமல் நிற்கும் வலு 1,225 மடங்குதான் குறையும். ஆக, குட்டி இலை தன் எடைக்கு 35 மடங்கு கூடுதல் விறைப்போடு நிற்கும். தடிமனும் அதிகமாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். மரத்தில் தானாக நடக்கும் தொய்வை மாடலில் கையால்தான் கொண்டுவர வேண்டும். பித்தளைத் தகட்டை அமிலத்தால் அரித்துச் செய்த இலைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை முதலில் நெருப்பில் காட்டி ஆறவிடுவார்கள். சூட்டில் பித்தளை இளகி, பிறகு சாமணத்தின் நுனிக்குச் சொன்னபடி கேட்கும். அப்புறம் ஒவ்வொன்றாக வளைக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட முடியாதவர்களுக்கு பிர்ச் மரம் கை கொடுக்கிறது. ஐரோப்பாவில் சாதாரணமாகக் காணக்கூடிய இந்த மரத்தின் காய்க்கதிர்கள் இலையுதிர்காலத்தில் முற்றிக் காய்ந்துவிடும். ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளின்மேல் கசக்கினால் இரண்டு வகைத் துணுக்குகள் உதிரும். ஒன்று, இருபுறமும் மெல்லிய இறக்கை கொண்ட விதை. மற்றது, மூன்று மடல் விரிந்த செதில். லேசாக ஊதினால் விதைகள் பறந்துவிடும், செதில்கள் தங்கும். அகலம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். ஓரம் கொஞ்சம் வளைந்தும் இருக்கும். தாவரவியல்படி அது ஓக்கும் அல்ல, மேப்பிளும் அல்ல. ஆனாலும் கிளைக்குப் பதிலாக வைத்து வெள்ளைப் பசை தடவிய வேர்த்துண்டில் அதை ஒட்டிப் பச்சை அடித்தால் கண் ஏமாந்துவிடுகிறது. நம் ஊரில் தேடினால் கருவேலஞ் சிற்றிலை இருக்கிறது. சுமார் நான்கு மில்லிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் அகலமும் கொண்ட அதை 35-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஆற்றோர வில்லோ இலையின் அளவு வரும்.

இலை கிடைத்துவிட்டது என்பதற்காகக் கிளை கிடைத்துவிடாது. நேர்த்தியான மாடல்கள் பலவும் இங்கேதான் சறுக்குகின்றன. குட்டி மரத்தைச் செய்து டாங்கியின்மேல் நட்டுவிடுகிறார்கள். டாங்கியில் இருந்ததோ மரத்தைவிட்டுப் பிரிந்த கிளை. உயிருள்ள இலையை விறைப்பாக நிறுத்துவது அதன் செல்களுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம். கார் டயரில் இருப்பதைப்போல் அது சில மடங்கு வரை போகும். கிளையை வெட்டியதும் நீர்வரத்து நின்றுவிடும், ஆனால் ஆவியாவது உடனே நிற்காது. வெயிலில் சில மணி நேரத்தில் இலைகள் துவளத் தொடங்கும். இளந்தளிர் முதலில் தொங்கும், முற்றிய இலை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இன்னொன்றும் நடக்கும். மரத்தில் இருக்கும்வரை இலைகள் தம் மேற்பரப்பை வெளிச்சத்தின் பக்கம் வைத்திருக்கும். அடிப்புறத்தில் காற்றிடைவெளிகள் அதிகம், அதனால் அது வெளிறித் தெரியும். ஒடித்த கிளையை மேல்புறம் கீழ்ப்புறம் பார்க்காமல் செருகினால் அந்த வெளிறிய அடிப்புறங்கள் வானத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். மேலிருந்து பார்க்கும் விமானிக்கு அதைவிட நல்ல அடையாளம் வேண்டுமா? அதனால்தான் கிளையை அது வளர்ந்த வாக்கிலேயே வைப்பதும், வாடியதை உடனே மாற்றுவதும் உருமறைப்பின் பாலபாடம். மாடல் செய்பவர் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம். அடர்பச்சை அடித்த பிறகு ஏர்பிரஷைக் கீழிருந்து பிடித்து, சாம்பல் கலந்த இளம்பச்சையை லேசாக ஊதி, சில இலைகளை வேண்டுமென்றே புரட்டி ஒட்டினால் போதும். வெட்டிய காம்பு நுனியில் வெளிர்மஞ்சள் பொட்டு ஒன்று வைத்தால் வெட்டுக்கத்தியே தெரியும்.

நிஜப் போர்க்களத்தில் உருமறைப்பு கண்ணை ஏமாற்றினாலும் ஃபிலிமை ஏமாற்றுவது கடினமாக இருந்தது. உயிருள்ள இலை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பும் என்பதை அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1910-லேயே படமெடுத்துக் காட்டியிருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கோடாக் நிறுவனம் அதே பண்பை வைத்து உருமறைப்பைக் கண்டறியும் வண்ண ஃபிலிமை உருவாக்கியது. அதில் உயிருள்ள பசுமை சிவப்பாக விழும். சாதாரணப் பச்சைப் பெயிண்ட் அப்படி விழாது.

கிளைகளை எங்கே கட்டுவது என்பதும் கவனிக்க வேண்டியது. ஓட்டுநரின் பார்வைத் துளையையும் மூடிகளையும் எந்தச் சிப்பாயும் அடைக்கமாட்டான். சூடான எஞ்சின் மேல்தளத்தில் காய்ந்த இலையைக் குவிப்பதும் ஆபத்து, பாந்தர் எஞ்சினுக்குத் தீப்பிடிக்கும் கெட்ட பெயர் வேறு இருந்தது. குழல் பொருத்திய சுழல்மேடையையும் டாங்கியின் உடலையும் ஒரே கிளையால் சேர்த்துக் கட்டிய மாடலைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். குழலை வலப்பக்கம் திருப்பச் சொல்லி ஒரு கட்டளை வந்தால் போதும், அந்தக் கிளை பிய்ந்து சாலையில் விழுந்துவிடும்.